ஈரக் காற்றில் ஒட்டுத்துணி

ஜூலை மாதக் கொல்கத்தாவில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் முழுசாகக் காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். மடித்து அலமாரியில் வைத்தால் மறுநாள் மக்கல் வாடை வரும். லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், அப்படி ஒரு மழைக்கால மாலையில் மூன்று பேட்ச் ஒட்டினேன். மகனின் ஜீன்ஸ் முழங்காலில் ஒன்று, காய்கறி வாங்கப் போகும் சணல் பையில் ஒன்று, அவனுடைய கால்பந்து ஜெர்சியில் ஒன்று. மூன்றையும் ஒரே கடையில் வாங்கினேன், ஒரே இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். ஜீன்ஸில் இருந்தது இரண்டாவது துவைப்பிலேயே மூலை தூக்கியது. சணல் பையின் உள்பக்கம் உருகி, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஜெர்சியில் இருந்தது நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் பேட்சின் வெள்ளைத் துணி ஒரு வாரத்துக்குள் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது.

மூன்று கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு. அதைத் தெரிந்துகொள்ளத் தையல்காரர்களிடம் கேட்டேன், இழைகளைப் பற்றிய பாடப்புத்தகங்களைப் புரட்டினேன், வீட்டில் கிழிந்த துணி எல்லாவற்றையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டேன். எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று. பேட்சைப் பார்த்துப் பேட்ச் வாங்கக் கூடாது. துணியைப் பார்த்து வாங்க வேண்டும். அதிலும் கொல்கத்தா, சென்னை மாதிரி ஈரக் காற்று அடிக்கும் ஊரில் பசை பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை ஊசிக்கும் நூலுக்கும் உரியது.

பேட்சின் முதுகில் மெழுகுத்தாள் போல மின்னும் படலம் ஒருவகை பிளாஸ்டிக். சூட்டில் உருகும், ஆறினால் இறுகும். மலிவான பேட்ச்களில் பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற ரகம் இருக்கும். அது 100 டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். தரமானவற்றில் பாலியமைடு, பாலியெஸ்டர், பாலியூரிதேன் ரகங்கள். இவற்றில் பலவற்றுக்கு 110 முதல் 130 டிகிரி வரை வேண்டும். உருகிய பசை நூலிழைகளின் இடுக்குகளில் இறங்கி, அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீட்டுச் சுவர்களில் அரசங்கன்று விரிசலுக்குள் வேர் விட்டு நிற்குமே, அதே பிடிதான். விரிசல் இல்லாத வழவழப்புச் சுவரில் கன்று நிற்காது. பிளாஸ்டிக் பூச்சு போட்ட நைலான் துணியில் பேட்ச் நிற்காததற்கும் அதுவே காரணம்.

இது ஏதோ புது வித்தை என்று நினைக்க வேண்டாம். நாம் போட்டிருக்கும் சட்டையின் காலரே இப்படி ஒட்டப்பட்டதுதான். காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் துணியின் ஒரு பக்கத்தில் இதே பசை பொட்டுப் பொட்டாக இருக்கும். தையல்காரர்கள் அதை ஃப்யூசிங் என்பார்கள். பழைய சட்டைகளின் காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்புவது இந்தப் பசை விட்டுப்போன இடங்களில்தான். மெட்டியாபுருஸில் ஒரு தையல் கூடத்தில் இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு வயதான மாஸ்டர். ஹூக்ளிக் கரையில் இருக்கும் அந்தப் பகுதிக்கு, 1856-ல் ஆங்கிலேயரிடம் அவத் ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா வந்து சேர்ந்தார். 1887-ல் அவர் இறந்ததும் அங்கேதான். அவரோடு லக்னோவிலிருந்து சமையல்காரர்கள், இசைக்காரர்கள், தையல்காரர்கள் என்று ஒரு பரிவாரமே வந்தது. இன்று கிழக்கிந்தியாவின் ஆயத்த ஆடைகளில் பெரும்பகுதி அந்தச் சந்துகளிலிருந்துதான் கிளம்புகிறது. தலைமைத் தையல்காரரை அங்கே ‘ஓஸ்தாகர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

என் ஜீன்ஸ் பேட்சை வாங்கிப் பார்த்த மாஸ்டர், தூக்கிய மூலையை நகத்தால் நிமிண்டிவிட்டு, “தீதி (அக்கா), துணியை முதலில் வெறுமனே தேய்த்தீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியென்றால் நீங்கள் ஒட்டியது தண்ணீரின் மேல்” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் முழுதாக விளங்கியது. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 65 சதவீத ஈரப்பதத்தில்கூடத் தன் எடையில் சுமார் 8 சதவீதம் தண்ணீர் அதற்குள் இருக்கும். சணலில் இது 13 சதவீதத்தையும் தாண்டும். பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட இல்லை. மழைக்காலக் கொல்கத்தாவில் காற்றின் ஈரப்பதம் 80, 90 என்று போகும்போது பருத்தித் துணி எவ்வளவு குடித்திருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஈரம் இருக்கும் துணியில் சூடான பெட்டியை வைத்தால், தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தரமான பசைக்கோ 120 வரை வேண்டும். பாக்கெட்டில் ‘15 விநாடி அழுத்தவும்’ என்று போட்டிருக்கும்; அதில் கணிசமான நேரம் தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடும். போதாததற்கு மேலே வரத் துடிக்கும் ஆவி பசைக்கும் துணிக்கும் நடுவில் புகுந்து இடைவெளி உண்டாக்கும்.

ஆகவே முதல் வேலை துணியைக் காயவைப்பது. துவைத்து, வெயிலில் உலர்த்தி, ஒட்டும் இடத்தைப் பேட்ச் இல்லாமலே நன்றாகத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் பேட்சை வைத்துவிட வேண்டும். இடையில் தொலைபேசி வந்தால்கூடத் துணி மறுபடி ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும். துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் எதுவும் சேர்க்கக் கூடாது. அது இழைகளின் மேல் வழவழப்பாகப் படிந்துகொள்ளும். கஞ்சியும் கூடாது. வங்காளத்துத் தாந்த் கைத்தறிப் புடவைகளுக்கு மொடமொடப்பாகக் கஞ்சி போடுவது வழக்கம். பசை இறங்க வேண்டிய இடுக்குகளை எல்லாம் கஞ்சி முன்கூட்டியே அடைத்துவிடும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் ஊரில் சொல்வார்கள். கந்தைக்கு ஒட்டுப்போடுவதற்கு முன்பும் கசக்க வேண்டும். புது ஜீன்ஸ் என்றால் இரண்டு முறையாவது துவைத்த பிறகு ஒட்டுவது நல்லது. இல்லையென்றால் ஜீன்ஸ் சுருங்கும், பேட்ச் சுருங்காது, நடுவில் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கும்.

இரண்டாவது அழுத்தம். சட்டை தேய்ப்பது போலப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் உருகிய பசை இழுபட்டுப் பேட்ச் இடம் மாறும். ஒரே இடத்தில் வைத்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து, அசையாமல் 20, 30 விநாடி நிற்க வேண்டும். மெத்தை விரித்த தேய்ப்பு மேசையில் அழுத்தம் கீழே போய்விடும்; கருங்கல் மேடை சூட்டைக் குடித்துவிடும்; மரப்பலகைமேல் மெல்லிய பருத்தித் துணி விரித்துக்கொண்டால் போதும். பேட்சின் மேலே ஒரு பழைய வேட்டித் துண்டு. நீராவி விடும் பெட்டியானால் ஆவியை அணைத்துவிட வேண்டும். அப்போதும் அடித்தகட்டில் ஆவித் துளைகள் இருக்கும் இடங்களில் அழுத்தம் விழாது. இந்த வேலைக்கு, அடி வழவழப்பாக இருக்கும் பழைய பாணிப் பெட்டியே மேல். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்திலிருந்து இன்னொரு முறை அழுத்த வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எம்பிராய்டரி பேட்ச் தடிப்பானது. மேலிருந்து கொடுக்கும் சூடு நூல் அடுக்கைத் தாண்டிப் பசைக்குப் போவதற்குள் பாதி தீர்ந்துவிடும். உள்பக்கமிருந்து கொடுத்தால் ஒரு மெல்லிய துணியைத் தாண்டினால் போதும். முடிந்ததும் மேலே கனமான புத்தகத்தை வைத்து, முழுதாக ஆறும்வரை தொடாமல் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். அப்போது பசை இன்னும் குழம்பாகத்தான் இருக்கும். ஒருநாள் கழித்துத் துவைக்கலாம், உள்புறம் வெளியே வரும்படி, குளிர்ந்த நீரில்.

தெரு முனையில் கரிப்பெட்டி வைத்துத் தேய்ப்பவரிடம் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். அந்தப் பெட்டியின் கனம் நம் வீட்டுப் பெட்டியைப் போலப் பல மடங்கு. அழுத்தம் தானே கிடைத்துவிடும். ஆனால் கையில் தண்ணீரை அள்ளித் துணிமேல் தெளித்துவிட்டுத்தான் பெட்டியை வைப்பது அவருடைய பல வருடப் பழக்கம். ‘பையா, பானி நஹீன்’ (அண்ணா, தண்ணீர் வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி துணி வகைகள். சட்டையின் உள்தையலில் இருக்கும் சின்னச் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படமும் அதற்குள் புள்ளிகளும் இருக்கும். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. பசைக்கு வேண்டிய சூட்டைத் துணி தாங்குமா என்பதை அந்தப் புள்ளிகளே சொல்லிவிடும். சீட்டு இல்லையென்றால், மடிப்பு ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடை வந்து சாம்பலானால் பருத்தி. முடி பொசுங்கும் வாடை என்றால் கம்பளியோ பட்டோ. உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் செயற்கை இழை. பருத்தி, டெனிம், கேன்வாஸ் மூன்றும் பேட்சுக்குப் பிறந்தவை, கவலையே வேண்டாம். பட்டுக்கு வேண்டாம். தோலுக்கும் வேண்டாம், சூட்டில் சுருங்கும். குளிர்காலத்தில் வெலிங்டன் சதுக்கத்தில் பூட்டியா வியாபாரிகள் விற்கும் ஸ்வெட்டர்களில் முழங்கை தேய்ந்துபோவது சகஜம். அவற்றில் நிறைய அக்ரிலிக் இழை. சூடு பட்டால் அந்த இடம் நசுங்கி, பளபளத்து, திரும்ப எழும்பவே எழும்பாது. அதற்கு ஊசிதான் வழி.

சணல் பைக்கு வருகிறேன். சணல் இந்த ஊரின் இழை; இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855-ல் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில்தான் தொடங்கியது. சணல் நாருக்குச் சூடு பெரிய எதிரி இல்லை. ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் சணல் பைகள் பலவற்றின் உள்புறம், ஈரம் ஊடுருவாமல் இருக்க, மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டியிருக்கிறார்கள். அது ஏறக்குறைய 110 டிகிரியிலேயே உருகும். பேட்சின் பசை உருகுவதற்கும் அந்தப் படலம் உருகுவதற்கும் நடுவில் இடைவெளியே கிடையாது. வாங்கும்போது பைக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. படலம் இல்லாத சணலிலும் நெசவு அகலமாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். பசை மேடுகளை மட்டுமே தொடும். தைக்கத்தான் வேண்டும்.

மலையேற்றப் பைகளுக்கும் இதே வழிதான். வங்காளிகளுக்கு மலைமேல் தீராத காதல். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான 3,636 மீட்டர் சந்தக்பூவுக்குப் போய்வந்த பையில், அந்தப் பெயர் போட்ட பேட்சை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவர்களால் முடியாது. அந்தப் பைகளோ பூச்சு போட்ட நைலான். சூடு பட்டால் பூச்சு போகும், தண்ணீர் உள்ளே வரும். பையின் மூடியில், மழை நேராக இறங்காத இடமாகப் பார்த்துத் தைத்து, ஊசித் துளைகளை உள்பக்கம் சீலண்ட் தடவி அடைப்பதுதான் சரி. அடிக்கடி பேட்ச் மாற்றுபவர்கள் வெல்க்ரோ தைத்துக்கொள்ளலாம்.

ஜெர்சியின் கதைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். கொல்கத்தாவில் சின்னம் என்றாலே முதலில் கால்பந்துதான். 1911 ஜூலை 29 அன்று, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. அந்த அணியின் நிறம் மரூனும் பச்சையும், சின்னம் பாய்மரப் படகு. 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலுக்குச் சிவப்பும் தங்கமும், கையில் தீப்பந்தம். முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குக் கறுப்பும் வெள்ளையும். எஸ்பிளனேடு பக்கத்து மைதான் மார்க்கெட்டில் வெறும் ஜெர்சி தனியாக, பேட்ச் தனியாக வாங்கி வீட்டில் ஒட்டிக்கொள்ளும் பையன்கள் ஏராளம். என் மகன் மரூன்-பச்சைக்காரன்.

இந்த ஜெர்சிகள் பாலியெஸ்டர். பாலியெஸ்டருக்குச் சாயம் ஏற்றுவது கடும் சூட்டில். அதே அளவு சூடு மறுபடி பட்டால் சாயம் ஆவியாகி இழையை விட்டுக் கிளம்பும், பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போய்க் குடியேறும். மரூன் துணிமேல் வெள்ளைப் பேட்சை வைத்து நான் பருத்திக்கான சூட்டில் அழுத்தினேன். மரூன் சாயம் பசையைத் தாண்டி வெள்ளைக்குள் ஏறிவிட்டது. உடனே தெரியாது, நாள்கள் போகப் போக நிறம் ஊறும். துவைத்தாலும் போகாது. தொழிலில் இருப்பவர்கள் இதற்காகக் குறைந்த சூட்டுப் பசையையும், சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடுக்கையும் வைக்கிறார்கள். வீட்டில் செய்பவர்கள் அடர் நிறப் பேட்சாகத் தேர்ந்தெடுக்கலாம், சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டலாம், அல்லது நூலால் தைக்கலாம். பனியன் துணி போல இழுபடும் ஜெர்சியில் பெரிய பேட்ச் வேறு தொல்லை. துணி நீளும், பேட்ச் நீளாது, ஓரம் முழுக்கச் சுருக்கம் விழும். உள்ளங்கையைவிடச் சின்னதாக இருக்கட்டும்.

பேட்சிலும் ரகங்கள் உண்டு. முழுக்க எம்பிராய்டரி செய்தது தடிப்பு, உழைக்கும். அடித்துணி தெரியும்படி பாதி மட்டும் எம்பிராய்டரி செய்தது வளைந்துகொடுக்கும். சட்டைக்கு அதுவே நல்லது. சின்ன எழுத்துகள் வேண்டுமென்றால் நெய்த பேட்ச். ரப்பர் போன்ற பி.வி.சி. பேட்சுக்கு இஸ்திரிப் பெட்டி ஆகவே ஆகாது. பிளேசர் பைகளில் பார்க்கும் உலோகக் கம்பி வேலைப்பாடும் அப்படியே; அது காசி போன்ற இடங்களில் கையால் செய்யப்படுவது, சூட்டில் கறுக்கும். மற்ற எம்பிராய்டரி பேட்ச்கள் இன்று இயந்திரத்தில் செய்யப்படுபவைதான். அந்த இயந்திரங்களின் மூதாதை 1863-ல் சுவிட்சர்லாந்தின் ஐசாக் குரோப்லி கண்டுபிடித்த ‘ஷிஃப்லி’. அதன் நாடா படகு வடிவில் இருந்ததால், அந்த ஊர் ஜெர்மன் பேச்சில் ‘சின்னப் படகு’ என்று பொருள்படும் அந்தப் பெயர் வந்தது. மோகன் பகான் படகைப் பேட்சில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

வடிவத்தில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும். கூர்மூலை உள்ள பேட்ச் மூலையில்தான் முதலில் உரியும். இழுவிசை எல்லாம் அங்கேதான் குவிகிறது. வட்டமோ, மூலை மழுங்கிய சதுரமோ இரண்டு மடங்கு நாள் தாக்குப்பிடிப்பதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். கிழிசலை மூட ஒட்டுவதானால் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்க வேண்டும்; கிழிசலைச் சுற்றியுள்ள துணியும் ஏற்கெனவே நைந்திருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், முழங்கால், முழங்கை, பையின் அடிப்பக்கம் போல மடங்கி நிமிரும் இடங்களில் பசை மட்டும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம். மெட்டியாபுருஸ் மாஸ்டர் அதை ஒரு நிமிடத்தில் முடித்தார். ஜீன்ஸ் காலைத் திருப்பி இயந்திரத்துக்கு அடியில் செருகினார். 16-ஆம் நம்பர் ஊசி, பேட்ச் ஓரத்து நூலின் அதே நீலம். ஊசி பசையைக் குத்தும்போது பிசுக்கு ஒட்டும். அதற்காகப் பசை நன்றாக ஆறியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். இடையில் இரண்டு முறை நிறுத்தி, எண்ணெய் நனைத்த துணியால் ஊசியைத் துடைத்தார். ஓரத்தின் தடித்த நூல் விளிம்புக்குச் சற்று உள்ளே தையல் ஓடியது. வெளியிலிருந்து தேடினாலும் கண்ணில் படவில்லை. ஒட்டிவிட்டுத் தைப்பதில் ஒரு வசதி உண்டு என்றார் அவர். குண்டூசி வேண்டாம், துணி நகராது, சுருக்கம் விழாது. பசையின் உண்மையான பயன் அதுதான் என்று நானும் நினைக்கிறேன். இயந்திரம் இல்லாத வீட்டில் கைத்தையல் போதும்; ஓரத்தைச் சுற்றி நெருக்கமாக எம்மிங் போட்டால், பசை விட்டுப்போன பிறகும் பேட்ச் இருக்கும் இடத்தில் இருக்கும்.

துணிமேல் துணி வைத்துத் தைப்பதில் வங்காளத்துக்கு இணை சொல்வது கஷ்டம். நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, ஓட்டத் தையலால் நெருக்கி அவர்கள் செய்யும் போர்வைதான் காந்தா. கிழிந்த துணி என்ற பொருளில் சமஸ்கிருதத்தில் வழங்கும் ‘கந்தா’ என்ற சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரும் நம்முடைய ‘கந்தை’யும் வந்திருக்கின்றன. ஒரே சொல், இங்கே அது போர்வையானது. ஜோகாவில் இருக்கும் குருசதய் அருங்காட்சியகம், குருசதய் தத் (1882–1941) ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பழைய காந்தாக்களின் வீடு. அவற்றைப் பார்த்தால் எத்தனை தலைமுறைப் பெண்களின் விரல்கள் அங்கே இருக்கின்றன என்று மனம் கனக்கும். தையல் வேலைக்குத் தமிழில் இருந்த பழைய சொல் துன்னம். சிலப்பதிகாரம் காட்டும் புகார்த் தெருவில் துன்னகாரர்கள் இருந்தார்கள். பொருநராற்றுப்படையில் வரும் கலைஞனின் உடையும் வேற்று நூல் நுழைந்த, பல இடம் தைத்த கந்தைதான். ஒட்டுப்போட்ட துணியை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக நம் வீடுகளில் ஒதுக்கப் பழகிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கிழிந்த இடத்தை ஒருவர் உட்கார்ந்து சரிசெய்தார் என்பதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

கடைசியாக, எடுப்பது. பிள்ளைகள் வளர்வார்கள், அணி மாறுவார்கள், பை தம்பிக்குப் போகும். தையலை முதலில் பிரித்துவிட்டு, பேட்சின் மேல் துணியை வைத்து மறுபடி சூடு காட்டினால் பசை இளகும்; சூடாக இருக்கும்போதே ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். மிச்சப் பிசுக்கை, பழைய பருத்தித் துணி ஒன்றை மேலே வைத்துத் தேய்த்து, அந்தத் துணியிலேயே ஒற்றி எடுக்கலாம். நெயில் பாலிஷ் போக்கும் அசிட்டோனைப் பலர் சொல்வார்கள். அசிடேட் ரகத் துணியை அது கரைத்தே விடும். முதலில் உள்தையலில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும்.

என் மகனின் பழைய கேன்வாஸ் பள்ளிப் பையிலிருந்து படகு பேட்சைப் போன மாதம் எடுத்தேன். நாலு வருட வெயிலிலும் மழையிலும் பை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. பேட்ச் இருந்த இடத்தில் மட்டும் வாங்கிய நாளின் கரும்பச்சை, படகு வடிவில், பாயும் கூம்புமாக அப்படியே இருந்தது. பையை இப்போது தூக்கப்போகிறவன் தீப்பந்தக்காரன். புதுப் பேட்சைக் கொஞ்சம் பெரிய அளவில் வாங்க வேண்டியிருந்தது.